நியூ மெக்சிகோவின் சாந்தோக்களும் கோல்ச்சாக்களும்: ஒரு சிறிய அருங்காட்சியகம் எங்கிருந்து தொடங்கலாம்?

வடமலைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடக்கே, சாண்டா ஃபேவுக்கும் தாவோஸுக்கும் இடைப்பட்ட மலைப்பகுதியில் உள்ள ஒரு சிற்றூர் அருங்காட்சியகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். ஊரின் பழைய படங்கள், வேளாண் கருவிகள், பள்ளிப் பதிவேடுகள் ஆகியவற்றையே இதுவரை காட்சிக்கு வைத்திருந்தோம். அண்மையில் உள்ளூர்க் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வீட்டில் இருந்த கலைப்பொருள்களை எங்களிடம் ஒப்படைக்க முன்வந்திருக்கிறது. இந்த மண்ணின் இஸ்பானியக் குடிகள் தம் வழிபாட்டுக்கும் வீட்டுப் பயன்பாட்டுக்கும் தாமே செய்துகொண்ட பொருள்கள் அவை.

பைன் பலகையில் தீட்டிய புனிதர் ஓவியங்கள் சில இருக்கின்றன. இவற்றை இங்கே ரெத்தாப்லோ என்கிறார்கள். மரத்தில் செதுக்கித் துணி உடுத்திய உருவம் ஒன்று இருக்கிறது, அது புல்தோ. இவ்விரு வகைப் புனிதர் வடிவங்களுக்கும் பொதுப்பெயர் சாந்தோ. கம்பளித் துணியின் மீது கம்பளி நூலாலேயே பூவேலை செய்த கோல்ச்சா விரிப்புகள், தகரத்தில் தட்டிச் செய்த படச்சட்டம், கரிய மரத்தில் வைக்கோல் துண்டுகளைப் பதித்த சிலுவை, கோடுகள் ஓடும் பழைய போர்வை ஒன்று ஆகியவையும் உண்டு. புல்தோவின் கால் பகுதியில் வெள்ளைப் பூச்சு ஏடு ஏடாக எழும்பி நிற்கிறது. பீடத்தின் அடியில் மாவு போன்ற பொடி உதிர்ந்து கிடக்கிறது.

எங்கள் குழுவில் மூன்று விதமான எண்ணங்கள் நிலவுகின்றன. எல்லாவற்றையும் கண்ணாடிப் பேழைகளில் வைத்து, ஸ்பானியக் குடியேற்றக் காலச் செல்வங்கள் என்று பெரிதாக எழுதிவிடலாம் என்கிறார் ஒருவர். ஓர் அறையையே சிறு தேவாலயம்போல அமைக்கலாம் என்கிறார் மற்றொருவர். இன்றும் இவ்வூரில் மரம் செதுக்குகிறவர்களும் நெய்கிறவர்களும் இருக்கும்போது அவர்களைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது என்பது என் எண்ணம்; ஆனால் அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று எனக்குத் தெளிவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் புல்தோ இப்போது மூடிக் கிடக்கும் ஒரு மொராதாவிலிருந்து, அதாவது ஊர்ச் சகோதரர் குழுவினர் வழிபாட்டுக்குக் கூடும் கட்டடத்திலிருந்து, வந்ததாகக் கொடையாளர் குடும்பத்துப் பெரியவர் சொல்கிறார்.

பாதுகாப்பு, காட்சியமைப்பு, ஊராரோடு பகிர்தல் ஆகிய மூன்றிலும் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன். பணவசதி மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வச்சிரப்பசை

அம்மா, வணக்கம். மரச்சிற்பப் பாதுகாப்பில் பணியாற்றுகிறவன் என்ற முறையில் அவசரமானதை முதலில் சொல்கிறேன். பீடத்தடியில் உதிரும் பொடி, மரத்தைத் துளைக்கும் வண்டு இன்னும் உயிரோடு வேலை செய்கிறது என்பதன் அறிகுறியாக இருக்கலாம். பழைய துளைகளிலிருந்து அசைவினாலும் பொடி உதிர்வதுண்டு என்பதால், உருவத்தை ஒரு கருப்புத் தாளின் மீது வைத்து, பொடியை அகற்றிவிட்டு, புதிதாக உதிர்கிறதா என்று சில வாரங்கள் பாருங்கள். அதுவரை மற்ற பொருள்களோடு சேர்த்து வைக்க வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கம்பளித் துணிகளில் அந்துப்பூச்சி இருந்தால் பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, சுழியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸில் குறைந்தது ஒரு வாரம் உறைய வைப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. கோல்ச்சாவுக்கும் போர்வைக்கும் அது பொருந்தும். அதே முறையைப் புல்தோவுக்குக் கையாண்டுவிடாதீர்கள். சாந்தேரோக்கள், அதாவது இந்தப் புனித உருவங்களைச் செய்யும் கலைஞர்கள், பெரும்பாலும் காட்டன்வுட் மரத்தின் வேரைச் செதுக்கி, அதன் மேல் ஜிப்சத்தை வச்சிரப்பசையில் குழைத்து வெள்ளைப் பூச்சாகப் பூசி, அப்பூச்சின் மீதுதான் வண்ணம் தீட்டினார்கள். குளிரில் மரம் ஓர் அளவிலும் பூச்சு வேறோர் அளவிலும் சுருங்கும்; ஏற்கெனவே எழும்பி நிற்கும் ஏடுகள் உதிர்ந்துவிடும். வண்ணம் தீட்டிய மரத்துக்கு உயிர்வளி நீக்கிய உறையில் வைக்கும் முறையே பொருத்தமானது. அதைச் சாண்டா ஃபேயிலோ ஆல்புகெர்கியிலோ உள்ள பயிற்சி பெற்ற ஒருவரிடம் விட்டுவிடுங்கள். எழும்பிய ஏடுகளை நீங்களாகப் பசை தடவி ஒட்டவும் வேண்டாம்.

ஈரப்பதத்தைப் பற்றி நூல்களில் படித்துவிட்டு, 50 விழுக்காடு வேண்டும் என்று யாராவது ஈரமூட்டும் கருவி வாங்கச் சொல்வார்கள். உங்கள் மலைப்பகுதியின் வறண்ட காற்றில் இருநூறு ஆண்டுகளாக இருந்து பழகிய மரத்துக்குத் திடீரென ஈரம் ஊட்டுவது கெடுதலே தவிர நன்மையன்று. எண் எதுவாயினும் நாள்தோறும் ஏறி இறங்காமல் இருப்பதே முதன்மை. ஆகவே வெளிச்சுவரை ஒட்டியும், கணப்படுப்புக்கு மேலும், வாசலுக்கு எதிரேயும் வைக்காதீர்கள்.

வைக்கோல் பதித்த சிலுவையைத் தனியாகச் சொல்ல வேண்டும். புகைக்கரி கலந்த பைன் பிசினைத் தடவி, அது இளக்கமாக இருக்கும்போதே நறுக்கிய வைக்கோலையும் சோளத்தட்டைத் தோலையும் பதிப்பது பழைய வழக்கம். முதுமையடைந்த பிசின் நொறுங்கும், வெப்பம் பட்டால் இளகும். அருகில் கூர்விளக்கு வைத்தீர்களானால் பொன்னிறத் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். துணிகளுக்கு வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போக வேண்டாம். அதுவும் சில மாதங்கள் காட்டிவிட்டு இருளில் ஓய்வு கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. எதையும் துடைத்துப் பளபளப்பாக்காதீர்கள். ரெத்தாப்லோவின் கீழ்ப்பகுதியில் படிந்திருக்கும் மெழுகுவர்த்திப் புகை அழுக்கு அன்று. அந்தப் படத்தின் முன் யாரோ நீண்ட காலம் வேண்டிக்கொண்டதன் சான்று அது. தகரச் சட்டத்தைப் பிரிக்காமல் பின்புறத்தைப் படம் எடுங்கள். 1821-இல் சாண்டா ஃபே வணிகப் பாதை திறந்ததும், 1846-க்குப் பின் அமெரிக்கப் படை வந்ததும் தகர டப்பாக்களைப் பெருமளவில் கொண்டுவந்து சேர்த்தன. கைவினைஞர்கள் அவற்றை வெட்டி விரித்தே சட்டங்கள் செய்தார்கள். பின்பக்கத்தில் பன்றிக்கொழுப்பு டப்பாவின் அச்செழுத்து இருந்தால், காலத்தைக் கணிக்க முன்பக்கத்து வேலைப்பாட்டைவிட அது உதவும்.

தறிக்காரி

முந்தைய பதிலோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. ஆனால் பொருளைக் காப்பது ஒன்று, கலையைக் காப்பது மற்றொன்று. நீங்கள் கேட்டது இரண்டாவதையும் சேர்த்துத்தான் என்று புரிந்துகொள்கிறேன்.

இந்தக் கலைகளின் வரலாற்றைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 1851-இல் பிஷப் லாமி வந்தது முதல், ஐரோப்பிய முறையிலான சுதை உருவங்களும் அச்சுப் படங்களும் தேவாலயங்களில் இடம்பிடிக்க, உள்ளூர் சாந்தோக்கள் படிப்படியாக ஒதுக்கப்பட்டன. 1880-இல் ரயில் வந்தபின் ஆலைத்துணியும் செயற்கைச் சாயமும் மலிவாகக் கிடைத்தன; வீட்டுத்தறிகள் பல ஓய்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாண்டா ஃபேவுக்கும் தாவோஸுக்கும் குடிவந்த ஓவியர்களும் எழுத்தாளர்களும்தான், வீடுகளிலும் தேவாலயக் கிடங்குகளிலும் கிடந்தவற்றை விலைக்கு வாங்கத் தொடங்கினார்கள். அவர்களுள் ஃபிராங்க் ஆப்பிள்கேட்டும் மேரி ஆஸ்டினும் 1925-இல் ஸ்பானியக் குடியேற்றக் காலக் கலைகளுக்கான சங்கத்தை நிறுவினார்கள். 1926-இல் கைவினைஞர்களுக்கான முதல் சந்தை சாண்டா ஃபேயில் கூடியது. 1929-இல், தனியாருக்கு விற்கப்படும் நிலையில் இருந்த சிமாயோ திருத்தலத்தைக் கொடையாளர் பணத்தால் வாங்கி மறைமாவட்டத்திடம் ஒப்படைத்ததும் இச்சங்கமே. இவையெல்லாம் நன்றியோடு நினைக்க வேண்டியவை.

ஆனால் வாங்குகிறவர்களின் விருப்பம் செய்கிறவர்களின் கையை மாற்றிவிடும் என்பதற்கும் இதே காலம்தான் சான்று. கோர்தோவா ஊரைச் சேர்ந்த ஹோசே தொலோரெஸ் லோபெஸ், தாம் செய்த மரச்சாமான்களுக்குப் பளிச்சென்ற வண்ணம் பூசி வந்தார். வெளியூர் வாடிக்கையாளர்கள் அதை விரும்ப மாட்டார்கள் என்று ஆப்பிள்கேட் முதலானோர் சொன்னதால், வண்ணம் விட்டு, வெறும் மரத்தில் கத்திமுனையால் நுண்கோடுகள் கீறும் பாணிக்கு அவர் மாறினார். இன்று கோர்தோவா மரவேலை என்றாலே வண்ணமற்ற மரம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. அவருடைய மகன் ஜார்ஜ் லோபெஸ், 1982-இல் தேசியக் கலைக் கொடை நிறுவனம் முதன்முதலாக வழங்கிய மரபுக்கலை விருதைப் பெற்றவர்களுள் ஒருவர். அந்த வேலைப்பாடு அழகானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதை மாறாத தொன்மை என்று விளக்கப் பலகையில் எழுதினால் அது உண்மையாகாது. அருங்காட்சியகமும் ஒரு வாடிக்கையாளர்தான் என்பதை உங்கள் குழுவுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

கோல்ச்சாக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1930-களில் தாவோஸுக்கு மேற்கே உள்ள கார்சன் என்னும் சிற்றூரில், மார்மன் குடும்பத்தினர் சிலர் பழைய கம்பளித் துணிகளை வாங்கி, கிழிந்தவற்றின் நூலைப் பிரித்தெடுத்து, அவற்றைக்கொண்டு புதிய கோல்ச்சாக்கள் தைத்து விற்றார்கள். துணியும் பழையது, நூலும் பழையது. ஆகவே பல சேகரிப்புகளில் அவை மிகப் பழையவையாகப் பதிவாயின. உங்கள் விரிப்பில் பூக்களுக்குப் பதிலாகப் புனிதர் உருவங்களும் வேட்டைக் காட்சிகளும் நிறைந்திருந்து, அடித்துணி ஒட்டுப்போட்டதாக இருந்தால் சற்று நிதானியுங்கள். கார்சன் வேலை என்று தெரிந்தால் ஏமாற்றம் அடைய வேண்டியதில்லை. அதுவும் இந்த மண்ணில் நடந்த கதைதான், அப்படியே எழுதிவையுங்கள்.

இனி, பகிர்தல். சேமிப்பறையின் கதவை முதலில் கைவினைஞர்களுக்குத் திறவுங்கள். காட்சிக்கூடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கோல்ச்சாத் தையலின் நுட்பம் முழுதும் விளங்கப் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். நீளமாக ஓடும் நூலைக் குறுக்கே சிறு தையலால் பிடித்து நிறுத்தும் முறையை, கண்ணாடிப் பேழையில் முகப்பை மட்டும் பார்க்கிறவர் முழுதாகக் கற்றுக்கொள்வது கடினம். பின்பக்கத்தை, நூலின் முறுக்கை, கறை படாத மூலையில் தெரியும் முதல் நிறத்தை ஒரு தையற்காரிக்குக் காட்டினால், அடுத்த பருவத்தில் உங்கள் ஊரில் புதிய கோல்ச்சா ஒன்று பிறக்கும். வைக்கோல் பதிப்புக் கலை அற்றுப்போகும் நிலையில் இருந்தது. 1930-களில் அரசின் கலைத்திட்டத்தில் வேலை செய்த எலிசேயோ ரொட்ரீகெஸ் என்ற இளம் ஓவியரிடம் அதை மீட்டெடுக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவரும் அவர் மனைவி பவுலாவும் அதைத் தம் குடும்பத்துக்கே தொழிலாக்கினார்கள். இன்று சாண்டா ஃபே சந்தையில் வைக்கோல் சிலுவைகளைப் பார்க்கிறோமென்றால், அதற்கு அந்த மீட்பே பெருங்காரணம்.

போர்வைக்கு வந்தால், கலையைக் காப்பது ஆட்டிலிருந்து தொடங்க வேண்டும். ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய ஊர்களின் இந்தக் கோடிட்ட போர்வைகள் சூரோ ஆட்டின் உரோமத்தால் நெய்யப்பட்டவை. 1598-இல் ஸ்பானியத் தளபதி ஒஞாத்தேயின் குடியேற்றத்தோடு வந்த இனம் அது. உரோமம் நீளமானது, கொழுப்புக் குறைவு, ஆகவே தண்ணீர் அரிதான நாட்டில் அதிகம் அலசாமலே நூற்கலாம். மெரினோ ஆடுகளோடு கலந்ததாலும், 1930-களில் நவாஹோ பூர்வகுடிகளின் மந்தைகளை அரசு குறைத்ததாலும் இந்த இனம் அழிவின் விளிம்புக்குப் போயிற்று. 1977-இல் கால்நடையியலாளர் லைல் மெக்நீல் நவாஹோ ஆட்டுத் திட்டத்தைத் தொடங்கி எஞ்சியவற்றைத் தேடித் திரட்டினார். 1983-இல் லாஸ் ஓஹோஸ் ஊரில் உருவான கானாதோஸ் தெல் வாயே கூட்டமைப்பு, ஆடு வளர்ப்பையும் நூற்பையும் நெசவையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. நியூ மெக்சிகோவின் நெசவை உயிரோடு வைத்திருப்பதில் எந்தப் பேழையைவிடவும் அந்த மந்தைக்குப் பங்கு அதிகம் என்பேன்.

பழைய ஏடு

தறிக்காரி அம்மையார் சொன்னதில் ஒன்றை மட்டும் மட்டுப்படுத்த விரும்புகிறேன். சேமிப்பறையைத் திறப்பது நன்று. ஆனால் சூரோ நூலில் நெய்த நூற்றாண்டுப் பழமையுள்ள போர்வையை ஒவ்வொரு முறையும் விரித்து மடித்தால் மடிப்பிலேயே அது அறுந்துபோகும். உருளையில் சுற்றிவைத்து, பார்வைக்கு ஒரு நாள் குறித்து, அன்று எல்லோரும் சேர்ந்து பார்க்கும்படி செய்யுங்கள். இருபக்கமும் அளவுகோல் வைத்துத் தெளிவாக எடுத்த படங்களைக் கைவினைஞர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிடலாம்.

மலைச்சாலை

மொராதாவைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. என் பார்வையில் இந்தத் திரியின் கடினமான கேள்வி அதுதான்.

படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாக: பாதிரியார்கள் மிகக் குறைவாக இருந்த காலத்தில், நாசரேத்து இயேசுவின் பெயரிலான சகோதரர் குழுக்களே இம்மலையூர்களில் இறுதிச்சடங்கு, ஏழைகளுக்கு உதவி, தவக்கால வழிபாடு ஆகியவற்றை நடத்தின. அவர்கள் கூடும் மண்கட்டடமே மொராதா. அங்குள்ள உருவங்கள் ஒருவரின் தனிச்சொத்து அல்ல. மூடிய மொராதாக்களிலிருந்து சாந்தோக்கள் திருடப்பட்டுச் சந்தைக்குப் போன வரலாறும் உண்டு. ஒரு குடும்பத்தார் பாதுகாப்புக்காக வீட்டில் வைத்திருந்ததும், விற்பனைக்காக எடுத்ததும் இரு வேறு செய்திகள். உங்கள் பெரியவர் சொல்வது முதல் வகையாகவே இருக்கலாம். ஆனாலும் அதைப் பதிவேட்டில் எழுதுமுன், அந்தச் சகோதரர் குழுவில் இன்னும் உயிரோடிருப்பவர்களையோ அருகிலுள்ள மொராதாவின் மூத்த சகோதரரையோ நேரில் பார்த்துப் பேசுங்கள், கடிதம் போதாது.

அமெரிக்காவில் 1990-இல் இயற்றப்பட்ட திருப்பியளிப்புச் சட்டம் பூர்வகுடிகளுக்கும் ஹவாயின் பூர்வகுடி மக்களுக்கும் உரியது. இஸ்பானியச் சகோதரர் குழுக்கள் அதன் வரம்பில் வரமாட்டா. ஆகவே சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. முடிவை நீங்களே எடுக்க வேண்டியிருக்கும். சகோதரர்கள் அதைக் காட்சிக்கு வைக்கலாம் என்றும் சொல்லக்கூடும், தவக்காலத்தில் மட்டும் தங்களிடம் தரும்படியும் கேட்கக்கூடும், உடையை மாற்றும் உரிமை தங்களுக்கே என்றும் சொல்லக்கூடும். எதைச் சொன்னாலும் அதற்கு இடம் கொடுக்கும் ஒப்பந்தம் எழுத முடியும். சிறிய அருங்காட்சியகத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு: பேச வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே சாலையில்தான் வசிக்கிறார்கள்.

அறையையே தேவாலயம்போல அமைக்கும் யோசனையை நான் ஏற்க மாட்டேன். வழிபாடு இல்லாத இடத்தில் வழிபாட்டின் தோற்றத்தை மட்டும் எழுப்புவது பார்க்க வருகிறவரையும் ஏமாற்றும், நம்பிக்கையுள்ளவரையும் புண்படுத்தும். அந்தச் சூழலையே காட்ட வேண்டுமானால், சாண்டா ஃபேவுக்குத் தெற்கே உள்ள எல் ராஞ்சோ தெ லாஸ் கோலோந்ரினாஸ் போன்ற திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் பார்வையாளர்களை அனுப்பலாம். மறுகட்டமைப்புக்கு வேண்டிய நிலமும் பழைய கட்டடங்களும் அவர்களிடம் உண்டு.

குடியேற்றக் காலச் செல்வங்கள் என்ற தலைப்பும் நிற்காது. ஸ்பானிய ஆட்சி 1821-இல் முடிந்துவிட்டது. உங்கள் தகரச் சட்டம் ஏறக்குறைய உறுதியாக அதற்குப் பிந்தியது. காலம் தவறு என்பதோடு, இந்தச் சொல் இம்மண்ணின் பூர்வகுடிகளான பியூப்லோ மக்களிடத்தில் ஸ்பானியருக்கு எதிரான 1680-இன் எழுச்சியையும் அதற்கு முந்திய அடக்குமுறையையும் நினைவூட்டும். அபிக்கியூ போன்ற ஊர்களில் குடியேறிய ஹெனீசரோக்கள், அதாவது அடிமைப்பட்டும் மீட்கப்பட்டும் ஸ்பானியச் சமூகத்துக்குள் வந்துசேர்ந்த பூர்வகுடியினர், இக்கலையில் எவ்வளவோ பங்களித்திருக்கிறார்கள். 2007-இல் மாநிலச் சட்டமன்றமே அவர்களை இம்மண்ணின் பூர்வகுடிகளாக ஏற்றது. சாண்டா ஃபேயில் 2002-இல் திறந்த ஸ்பானியக் குடியேற்றக் காலக் கலை அருங்காட்சியகம்கூடத் தன் பெயரை நியூவோ மெஹிக்கானோ மரபுக்கலை அருங்காட்சியகம் என்று மாற்றிக்கொண்டது. அவர்களே விட்டுவிட்ட சொல்லை உங்கள் குழு புதிதாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. ஊரின் பெயரையும், தெரிந்தால் செய்தவரின் பெயரையும், தெரியாவிட்டால் கொடுத்த குடும்பம் சொன்ன கதையையும் எழுதினாலே போதும். விளக்கங்களை ஸ்பானிய மொழியிலும் எழுதுங்கள். அதுவும் பாடநூல் ஸ்பானியத்தில் அல்லாமல், உங்கள் ஊர்ப் பாட்டிகள் பேசுகிற ஸ்பானியத்தில்.

வடமலைவாசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. தகரச் சட்டத்தின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு மூலையில் ஆங்கில எழுத்துகள் தலைகீழாகத் தெரிகின்றன, இன்னும் முழுதாகப் படிக்க முடியவில்லை. கோல்ச்சாக்களில் ஒன்று முழுவதும் பூக்கொடிகளே. மற்றொன்றின் அடித்துணி நான்கு துண்டுகளை இணைத்தது, நடுவில் குதிரைமேல் ஒருவர் இருக்கிறார். அதைத் தனியாக எடுத்துவைத்துவிட்டேன். மொராதா பற்றிப் பேச அடுத்த ஊர் மூத்த சகோதரர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்போது ஒரே ஒரு கேள்வி. கொடைப்பத்திரத்தில் எல்லாப் பொருள்களையும் சேர்த்து இந்த மாதமே கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்று எங்கள் செயலாளர் அவசரப்படுத்துகிறார். புல்தோவை அதிலிருந்து விலக்கினால் குடும்பத்தார் மனம் வருந்துவார்களோ என்று அஞ்சுகிறோம்.

மலைச்சாலை

விலக்க வேண்டாம், பிரித்துவிடுங்கள். ரெத்தாப்லோக்கள், துணிகள், தகரம், வைக்கோல் சிலுவை ஆகியவற்றுக்கு இப்போதே கொடைப்பத்திரம் எழுதலாம். புல்தோவுக்கு மட்டும், உரிமையைப் பற்றி எதுவும் சொல்லாமல், பாதுகாப்புக்காக உங்களிடம் வைக்கப்பட்டிருக்கிறது என்று ஓராண்டுக்கு ஒரு தனி ரசீது கொடுங்கள். காரணத்தைக் குடும்பத்தாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; தம் முன்னோர் காப்பாற்றி வைத்ததை நீங்கள் எவ்வளவு மதிக்கிறீர்கள் என்பது அதிலேயே அவர்களுக்கு விளங்கும். மூத்த சகோதரரைச் சந்திக்கப் போகும்போது அந்தப் பெரியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

வச்சிரப்பசை

அந்த ரசீதில் உருவத்தின் இப்போதைய நிலையையும் படங்களோடு சேர்த்துவிடுங்கள்: எழும்பிய ஏடுகள் எங்கே, துளைகள் எத்தனை, துணி எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்பது வரை. பின்னாளில் மொராதாவுக்கே திரும்பினாலும், உங்களிடம் வந்தபோது எப்படி இருந்தது என்பதில் யாருக்கும் ஐயம் வராது. கருப்புத் தாளில் புதிய பொடி விழுந்திருந்தால் மட்டும் சகோதரர்களைச் சந்திக்கும்வரை காத்திராமல் எனக்கு எழுதுங்கள்.